நொண்டி நாரையின் பெயர்ப்பலகை

பெப்ரவரி 2, வெள்ளி

சாருஜா நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கித் தந்த டயரி ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. "அப்பா, உங்களுக்கு மறதி கூடிப்போச்சு, எழுதி வையுங்கோ" என்றாள். எனக்கு மறதி ஒன்றும் இல்லை. மறக்க வேண்டியதை மறக்கிறேன், அவ்வளவுதான். இருந்தாலும் மகள் தந்தது, வீணாகப் போகக் கூடாது.

இன்று பப் குசினியில் இறைச்சி வெட்டினேன். நூற்றிருபது மட்டன் ரோல்ஸ் சுருட்டி வைத்தேன். அடுப்பின் இடது பக்கம் பற்றவில்லை, ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

பதினொரு மணிக்கு மோரீன் வந்தார். முன்பு இந்த ஊர்த் தபால் கந்தோரில் இருந்தவர், இப்போது ஊர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர். எங்கள் பப்பை நடத்திய எல்லோருடைய பெயரையும் 1796இலிருந்து தேடிப் பிடித்து, ஒரு ஓக் பலகையில் தங்க எழுத்தில் எழுதி உள்ளே மாட்டப் போகிறார்களாம். மே மாதக் கடைசியில் விழா.

"கடைசிப் பெயர் சுலபம், வாசலுக்கு மேலேயே இருக்கிறதே" என்று சிரித்தார்.

வாசலுக்கு மேலே இருப்பது குலேந்திரன் என்ற என் பெயர் இல்லை. மாணிக்கம் நவரத்தினம் என்று இருக்கிறது. லைசென்ஸில் பொறுப்பாளராக இருப்பவரின் பெயரை இந்த நாட்டில் பப் வாசலுக்கு மேல் எழுதுவார்கள். முந்தி அது சட்டமாம், இப்போது வழக்கம். பாரைப் பார்க்கிற அந்த நவம் பப்புக்கு மேலுள்ள அறையில் தங்குகிறவன். நான் வியாழன் வந்து ஞாயிறு லண்டனுக்கு, ஹரோ வீட்டுக்குத் திரும்புகிறவன். ஆகவே அவன் பெயர். எல்லாம் வசதிக்காகத்தான்.

நவம் தேத்தண்ணி ஊற்றவோ என்று கேட்டான். இப்பதான் குடிச்சனான் என்றேன்.


பெப்ரவரி 4, ஞாயிறு

பின்னாளில் யாராவது இதைப் படித்தால் விளங்க வேண்டுமே என்பதற்காக எழுதுகிறேன். பப்பின் பெயர் 'லேம் ஹெரன்', நொண்டி நாரை. எந்த விசரன் வைத்தானோ தெரியாது. ஊரின் பெயர் ஓல்டர்பி. முந்நூறு வீடு, ஒரு தேவாலயம், ஒரு குளம். லண்டனிலிருந்து இரண்டரை மணித்தியாலக் காரோட்டம். 2013இல் கென் மார்லோ என்ற கிழவரிடமிருந்து குத்தகையை வாங்கினேன்.

ஹரோவில் கேட்பவர்களுக்கு இது ரெஸ்ரோறன்ற். அது பொய்யில்லை. குசினி இருக்கிறது, நான் சமைக்கிறேன், சனிக்கிழமைகளில் வெள்ளைக்காரர் வரிசையில் நின்று கறியும் சோறும் தின்கிறார்கள். பார்ப் பக்கம் நவத்தின் பாடு. பதினொரு வருடத்தில் ஒரு பியர் நான் ஊற்றியதில்லை, ஒரு துளி நாக்கில் வைத்ததும் இல்லை. கோயிலில் நெஞ்சை நிமிர்த்தித்தான் நிற்கிறேன்.


பெப்ரவரி 9, வெள்ளி

அடுப்பு திருத்தியாயிற்று.

சாருஜாவின் கலியாணம் ஏறக்குறைய நிச்சயமாகிவிட்டது. பெடியன் பெயர் நிரோஜன், அவளோடு வேலை செய்கிறவன். தகப்பன் பரராசசிங்கம் பேர்போன ஆள். நாட்டில், எங்கள் ஊர்ப்பக்கம், அவர்கள் வீட்டு வெற்றிலைத் தட்டத்தைக்கூட எல்லோரும் தொட முடியாது என்பார்கள். புதன்கிழமை நான் ஹரோவில் இருக்கும்போது போன் எடுத்து "உங்கட ரெஸ்ரோறன்ற் எப்பிடிப் போகுது?" என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

மனைவி மலர் பக்கத்தில் நின்று கையால் சைகை காட்டிக்கொண்டே இருந்தாள். போனை வைத்த பிறகு, "இஞ்சை பாருங்கோ, கள்ளுக்கடை எண்டு மட்டும் அவையளுக்குத் தெரிஞ்சுதோ, எல்லாம் முடிஞ்சுது" என்றாள்.

"கள்ளுக்கடை எண்டு ஆர் சொன்னது? நீர் ஏன் உப்பிடிக் கதைக்கிறீர்?" என்றேன்.

"நான் சொல்லேல்லை. அவை சொல்லுவினம்."


பெப்ரவரி 16, வெள்ளி

மோரீன் ஒரு பை நிறையக் காகிதங்களோடு வந்து அரை நாள் இருந்தார். மனுசி கதை சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். முதல் ஆள் ஜொசையா பெல், கொல்லன். குதிரைக்கு லாடம் அடிக்கும்வரை காத்திருந்தவர்களுக்கு பியர் கொடுக்கத் தொடங்கினானாம். அவன் செத்த பிறகு மனைவி ஹான்னா முப்பது வருடம் தனியாக நடத்தியிருக்கிறாள். பிறகு ரோபையஸ் கிறிக் என்று ஒருவன் பியரில் தண்ணீர் கலந்து பிடிபட, சனம் அவனைக் குளத்தில் தள்ளிவிட்டதாம். "அவ்வளவு தண்ணீர் பிடிக்குமென்றால் குடி" என்று சொல்லித் தள்ளினார்களாம். நவம் விழுந்து விழுந்து சிரித்தான்.

1874இல் வில்லியம் கொப். இங்கேதான் மோரீன் குரலைத் தாழ்த்தினார். கொப் ஒரு வண்டிக்காரன். அவனுக்கு ஒரு பப் வாங்க வழியே இல்லை. உண்மையான சொந்தக்காரர் சாமுவேல் த்ரெட்கோல்ட், பிரசங்கி. ஞாயிற்றுக்கிழமை மதுவுக்கு எதிராக முழங்குவார், திங்கட்கிழமை பப்பின் வருமானத்தை வாங்குவார். தன் பெயர் வாசலில் வரக் கூடாதென்று வண்டிக்காரனின் பெயரை எழுதுவித்தாராம். சட்டவிரோதமாகத் திறந்து வைத்ததற்காக கொப்புக்கு ஆறு வாரச் சிறை விதித்தபோது த்ரெட்கோல்ட் கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"ஊருக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"ஊர் முழுக்கத் தெரியும். ஊருக்குத் தெரியும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது" என்றார் மோரீன்.

நவம் அப்போது சிரிக்கவில்லை. கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தான். எனக்குக் குசினியில் வேலை கிடந்தது, எழுந்து போய்விட்டேன்.


பெப்ரவரி 17, சனி

கறி முடிந்துவிட்டது. பருப்புக்கு உப்புக் கூடிப்போனது.


மார்ச் 1, வெள்ளி

ஒரு விசயம். இந்த ஊரில் நெடுநாள் வாடிக்கைக்காரருக்கு பாருக்குப் பின்னால் கொளுக்கியில் சொந்தமாக ஒரு ஈயக் குவளை தொங்கும். அவர் வந்தால் அதில்தான் ஊற்றவேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. அது பெரிய மரியாதை. நேற்று ஊரார் சேர்ந்து நவத்துக்கும் ஒரு குவளை கொடுத்தார்கள், பெயர் பொறித்து. எல்லோரும் கைதட்டினார்கள்.

நவம் அதை இரண்டு கையாலும் வாங்கினான். நன்றி சொன்னான். பிறகு அதைக் கொளுக்கியில் மாட்டிவிட்டுச் சாதாரணக் கிளாசில் தண்ணீர் குடித்தான். ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஒருவேளை கூச்சமாக்கும் என்று மோரீன் சொன்னார்.

எனக்கு விளங்கியது. பிறந்த ஊரில் எங்கள் வீட்டுப் பின் வேலியில் ஒரு சிரட்டை செருகியிருக்கும். நவத்தின் அப்பா மாணிக்கத்துக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு. வளவில் நின்ற பதினான்கு பனையிலும் கள்ளுச் சீவியவர் அவர்தான். பொழுதுபட என் அப்பா பின் வேலிக்குப் போய் அவருடைய முட்டியிலிருந்து கள்ளு வாங்கிக் குடிப்பார். கள்ளுக்குத் தீட்டில்லை, தண்ணீருக்குத்தான்.

இதை ஏன் எழுதினேனோ தெரியவில்லை. அந்தக் காலம் அது.


மார்ச் 8, வெள்ளி

முந்தநாள் ஹரோவில் இருக்கும்போது பரராசசிங்கம் போன் எடுத்தார். பதினேழாம் தேதி லெஸ்டரில் ஒரு சாமத்திய வீடாம், சொந்தக்காரப் பிள்ளை பெரியபிள்ளையானதற்கு. போகிற வழியில் "உங்கட ரெஸ்ரோறன்றையும் ஒருக்கா எட்டிப் பாக்கிறம்" என்றார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கோ என்றேன். மலர் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.


மார்ச் 14, வியாழன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். வாசலில் நவத்தின் பெயர்தானே இருக்கிறது. பப் நவத்தினுடையது, நான் அதற்குள் குசினியை மட்டும் எடுத்துச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். அவ்வளவுதான். சட்டப்படி பார்த்தாலும் முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

நவத்திடம் சொன்னேன். "ஒரு மணித்தியாலம்தான். நீதான் முதலாளி எண்டு நிண்டால் போதும்."

"முதலாளியாத்தானே அண்ணை நிக்கிறன்" என்றான்.

தேத்தண்ணி கொண்டுவந்தான். இப்பதான் குடிச்சனான் என்றேன்.


மார்ச் 17, ஞாயிறு

வந்தார்கள். ரோல்ஸ் நல்லாயிருக்கு என்றார்கள். ஒரு பிரச்சினையும் இல்லை. மூன்று மணிக்கு லெஸ்டருக்குப் போய்விட்டார்கள்.

மலருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "பிள்ளையாரப்பா" என்று அழுதாள்.


மார்ச் 21, வியாழன்

நவம் வேலையை விடுகிறானாம்.

காலையில் காரை நிற்பாட்டிவிட்டு உள்ளே வர, பாருக்குப் பின்னால் நின்று சொன்னான். பன்னிரண்டு மைல் தள்ளி ஒரு சின்ன ரவுனில் ஒரு பப் கிடக்கிறதாம். பியர்க் கொம்பனிக்காரர் இரண்டு வருடமாக அவனைக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். இப்போது ஓம் சொல்லிவிட்டானாம். ஏப்ரல் கடைசி வரைக்கும் இங்கே நிற்பானாம்.

"இரண்டு வருசமா? எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"அப்ப போற எண்ணம் இல்லை அண்ணை."

"இப்ப என்ன வந்தது?"

நவம் பீப்பா மாற்றக் கீழே போய்விட்டான்.

நன்றி கெட்டவன். பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை செய்துகொண்டிருந்தவனைக் கூட்டிவந்து, லைசென்ஸ் எடுப்பித்து, வாசலில் பெயர் எழுதுவித்தவன் நான். எத்தனை பேருக்குக் கிடைக்கும் அது? ஏறிய ஏணியை எட்டி உதைக்கிறது என்பது இதைத்தான்.


மார்ச் 22, வெள்ளி

லைசென்ஸ் பொறுப்பாளர் இல்லாவிட்டால் ஒரு துளி விற்க முடியாது, சட்டம். புது ஆள் தேட விளம்பரம் போட்டால் யார் வருவான்? மலர் என் மச்சானின் பெயரைப் போடலாமா என்று கேட்டாள். மச்சான் போனிலேயே கத்தினான். "சாராயக் கடையில என்ர பேரோ? உனக்கென்ன விசரோ?"

மச்சான் கத்தியதில் பிழையில்லை. அதுதான் யோசனையாக இருக்கிறது.


மார்ச் 29, பெரிய வெள்ளி

பப் பின்னேரம்தான் திறக்கும். காலை முழுக்கச் சும்மா இருந்தேன். சும்மா இருந்தால் ஆகாது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

பதினேழாம் தேதி எழுதியதை இப்போது படித்தேன். "ஒரு பிரச்சினையும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். டயரியைக்கூட ஏமாற்றியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். பரராசசிங்கம் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, நவத்தைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்கள் ஊரிலை எவடம்?" என்று கேட்டார். நவம் ஊரைச் சொன்னான். "அதில எவடம்?" சொன்னான். "கோயிலுக்கு மேற்காலையோ, கிழக்காலையோ?" கிழக்கால என்றான். "அப்பா என்ன செய்தவர்?"

இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். நான் குறுக்கே புகுந்து கதையை மாற்றியிருக்கலாம். பேசாமல் ரோல்ஸ் தட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பனையேறினவர்" என்றான் நவம். குரல் மாறவே இல்லை.

பரராசசிங்கம் தலையாட்டினார். "அப்ப பரம்பரைத் தொழில்தான் செய்யிறீர். கையோட வந்தது. நல்லாத்தான் செய்வீர்." அதுவரை 'நீங்கள்' என்று கதைத்தவர் அந்த இடத்தில் ஒரு படி இறக்கி 'நீர்' என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

சின்னச் சிரிப்பில்லை. சத்தமாக, தொடையில் தட்டிச் சிரித்தேன். மகளின் கலியாணம் தப்பிவிட்டது என்ற சந்தோசத்தில் வந்த சிரிப்பு என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நவம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். பிறகு வெறும் தட்டத்தை எடுத்துக்கொண்டு போனான்.

எழுதிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது, வேறு சொல் கிடைக்கவில்லை.


ஏப்ரல் 6, சனி

சாருஜா வந்திருந்தாள். கறி பரிமாற உதவி செய்தாள். பாத்திரம் கழுவும்போது கலியாண விசயமாக மெல்ல வாயைக் கிளறினேன்.

"அப்பா, நிரோ இஞ்ச மூண்டு தரம் வந்திட்டான். நவம் அங்கிள்தான் பியர் ஊத்திக் குடுத்தவர்."

எனக்குக் கையில் இருந்த சட்டி நழுவியது.

"அவன்ர அப்பாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும். அவை வரமுதலே நான் சொல்லிட்டன். இது பப், என்ர அப்பான்ர பப் எண்டு. அவர் என்ன சொன்னவர் தெரியுமே? அவற்ற சொந்தத் தம்பி எட்மன்ரனில வைன் கடைதான் வச்சிருக்கிறாராம். உங்கட நடிப்பைப் பாக்க அவருக்குச் சிரிப்பா இருந்ததாம்."

பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதை. அவருக்குத் தெரியும். அவர் சிரித்தது என்னைப் பார்த்துத்தான், என்னோடு சேர்ந்து இல்லை. நவத்தை அவ்வளவு மலிவாக விற்றேனே, வாங்க ஆளே இல்லாத சந்தையில்.

"நவம் அங்கிளுக்கு என்ன நடந்தது? ஏன் போறார்?" என்று பிள்ளை கேட்டாள். வேறு வேலை கிடைத்துவிட்டது என்றேன்.


ஏப்ரல் 11, வியாழன்

லைசென்ஸ் வகுப்பு. ஒரு நாள். ஐம்பத்தெட்டு வயதில் இருபது வயதுப் பெட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நாற்பது கேள்விக்குப் புள்ளடி போட்டேன். முப்பத்தாறு சரி.

மலரிடம் என் பெயரைத்தான் போடப் போகிறேன் என்று சொன்னேன். "ஊர் என்ன சொல்லும்?" என்றாள். ஊருக்குத் தெரியும் என்றேன். "அப்ப நான் மட்டும்தான் இவ்வளவு நாளும் பயந்துகொண்டு இருந்தனானோ?" என்று கேட்டாள். பாவம்.


ஏப்ரல் 19, வெள்ளி

நிலவறையில் குழாய் கழுவப் பழக்கினான் நவம். வாரத்துக்கு ஒரு தரம் பியர்க் குழாய்களுக்குள் ஊதா நிற மருந்துத் தண்ணீர் விட வேண்டும். அரை மணித்தியாலம் ஊறவிட்டு, நிறம் போகும்வரை பச்சைத் தண்ணீர் ஓடவிட வேண்டும். பதினொரு வருடமாக என் காலுக்குக் கீழே நடந்த வேலை. நான் இந்தப் படியில் இறங்கியது நாலைந்து தரம் இருக்கும்.

ஊறவிட்டு இரண்டு பீப்பாவில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். இப்போது சொல்லாவிட்டால் பிறகு ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"நவம், அண்டைக்கு நான் சிரிச்சது பிழை."

"எந்தச் சிரிப்பு, அண்ணை?"

"அந்த ஆள் வந்த அண்டைக்கு."

"ஓ, அதோ." மணிக்கூட்டைப் பார்த்தான். "பதினொரு வருசத்தில எத்தினையோ சிரிப்பு. ஒண்டை மட்டும் எடுத்து என்ன செய்யிறது?"

வாசலில் அவன் பெயரைப் போட்டதைப் பற்றித் தொடங்கினேன். வசதிக்காக, நீ மேலே தங்குகிறபடியால் என்று ஏதோ சொன்னேன்.

"அண்ணை, லைசென்ஸ் பாரத்தை நீட்டேக்கை என்ன சொன்னனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ?"

இல்லை என்றேன்.

"'உங்கட ஆக்களுக்கு இது ஒண்டும் இல்லைத்தானே' எண்டு சொன்னனீங்கள். பேனையையும் தந்தனீங்கள்."

சத்தியமாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் சொல்லியிருப்பேன். என் வாய் சொல்லக்கூடிய வசனம்தான் அது. சொன்னவன் மறந்துவிட்டேன், கேட்டவனுக்குப் பதினொரு வருடம் காதில் நின்றிருக்கிறது.

"பிறகேன் கையெழுத்து வச்சனீ?"

நவம் எழுந்து குழாயைத் திறந்தான். ஊதாத் தண்ணீர் வாளிக்குள் விழத் தொடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என்ர அப்பான்ர பேர் ஒரு இடத்திலயும் எழுதியிருந்ததில்லை. சீவின பனை உங்கட. முட்டி கட்டின வளவு உங்கட. செத்தாப் பிறகு கல்லுக்கூட வைக்கேல்லை. இஞ்ச வாசலுக்கு மேல மாணிக்கம் எண்டு எழுதுவினம் எண்டு சொன்னாங்கள். தகப்பன்ர பேரையும் சேத்து எழுதச் சொல்லி நான்தான் கேட்டனான். நீங்கள் வெட்கத்தில தந்தியள். நான் சந்தோசத்தில எடுத்தன். எனக்கு அது காணும்."

"அப்ப ஏன் போறாய்?"

"அந்தாள் கேக்கேக்கை நான் என்ர அப்பாவை மறைக்கேல்லை. அதுக்கு நீங்கள் சிரிச்சியள். அந்தப் பேருக்குக் கீழ இருந்துகொண்டு."

தண்ணீர் நிறம் போய்த் தெளியும்வரை இரண்டு பேரும் நின்றோம். மன்னிப்புக் கேட்டேன். காதில் விழுந்ததோ தெரியாது, பம்பின் சத்தம் பெரிதாக இருந்தது. இரண்டாம் தரம் கேட்கத் துணிவு வரவில்லை.


ஏப்ரல் 20, சனி

இன்று காலை முழுக்க ஒரு விசயத்தையே நினைத்துக்கொண்டு வெங்காயம் வெட்டினேன். லைசென்ஸ் பாரத்தில் பிறந்த திகதி இருந்தது. நவம் 1964. நான் 1966. அப்போதே கவனித்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்னை அண்ணை என்று கூப்பிட, நான் அவரை நீ, வா, போ என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். அண்ணை என்று கூப்பிட வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். பதினொரு வருடம், வாரத்துக்கு நாலு நாள், ஒவ்வொரு நாளும் அவர் தேத்தண்ணி ஊற்றவோ என்று கேட்பார். இப்பதான் குடிச்சனான் என்பேன். வந்து இறங்கிய உடனேயும் அதைத்தான் சொல்வேன், இரண்டரை மணித்தியாலம் காரோட்டி நாக்கு வறண்டிருக்கும்போதும். அவர் போன பிறகு குசினிக்குள் போய் நானே ஊற்றிக் குடிப்பேன். என் அம்மா அப்படித்தான் சொல்லுவா, கிழக்குத் தெருவில் யாராவது ஏதும் நீட்டினால். நான் நினைத்துச் செய்ததில்லை. நினைக்காமல் செய்தேன் என்பதுதான் இன்னும் கேவலம்.

அவர் ஒருநாளும் கேட்பதை விடவில்லை. ஏன் விடவில்லை என்று இப்போது யோசிக்கிறேன்.


ஏப்ரல் 28, ஞாயிறு

இன்று போனார். ஒரு சூட்கேஸ், இரண்டு பெட்டி. ஊரில் பாதிப் பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஏணி வைத்து வாசலுக்கு மேலிருந்த பெயர்த் தகட்டை அவரே கழற்றினார்.

"இதை நான் கொண்டுபோகவோ?"

"உங்கட பேர்தானே" என்றேன். முதல் தரமாக உங்கட என்றேன். அவர் கவனித்த மாதிரித் தெரியவில்லை.

ஈயக் குவளையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.


மே 3, வெள்ளி

மோரீன் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். நவம் பலகையில் தன் பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாராம். சொந்தக்காரர் குலேந்திரன்தான், 2013இலிருந்து அவர் பெயரைப் போடுங்கள் என்று எழுதியிருக்கிறாராம்.

பலகையை எழுதுகிறவர் திங்கட்கிழமை வருகிறாராம், என்ன செய்வது என்று கேட்டார்.

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வெட்கமென்றால் அவர் தலையில் வைப்பதும் மரியாதையென்றால் என் தலையில் வைப்பதும் எந்த ஊர் நியாயம்? பதினொரு வருடம் பப்பை நடத்தியவர் அவர். "மாணிக்கம் நவரத்தினம், 2013 முதல் 2024 வரை. அவருடைய அப்பாவின் பெயர் கட்டாயம் வர வேண்டும். என் பெயர் 2024இலிருந்து" என்றேன்.

"அவர் வேண்டாம் என்கிறாரே."

"நான் போய்க் கேட்கிறேன்."

மோரீன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். த்ரெட்கோல்ட் கதையை அன்றைக்கு அவர் சும்மா சொல்லவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. எனக்குத்தான் சொல்லியிருக்கிறார்.


மே 4, சனி

நவத்தின் புதுப் பப்புக்குப் போனேன். வாசலுக்கு மேல் அந்தத் தகடு. உள்ளே நல்ல சனம். கவுண்டரில் நின்று என் முறை வரும்வரை காத்திருந்தேன்.

பலகையைப் பற்றிச் சொன்னேன். "நான் தந்த பேர் எண்டு நினைக்காதேங்கோ. மாணிக்கத்தின்ர பேர். அது இருக்க வேணும். அதுக்குக் கீழதான் என்ர பேர்."

ஒரு கிளாசைத் துடைத்து வைத்தார். இன்னொன்றைத் துடைத்தார். "சரி, போடச் சொல்லுங்கோ" என்றார். பிறகு அடுத்த ஆளைப் பார்த்து என்ன வேண்டும் என்று கேட்டார்.

எனக்கு ஏதும் வேண்டுமா என்று கேட்கவில்லை. பன்னிரண்டு மைலும் அதையே நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.


மே 25, சனி

விழா. காலையில் மழை, பிறகு விட்டுவிட்டது. முந்நூறு ரோல்ஸ். புதுத் தகடு வாசலுக்கு மேல் ஏறி இரண்டு வாரமாகிறது. ஹரோவிலிருந்து மலர் வந்தாள், சாருஜாவும் நிரோஜனும் வந்தார்கள். மலர் வாசலில் நின்று என் பெயரை அண்ணாந்து பார்த்தாள். "எழுத்து நேராத்தான் இருக்கு" என்றாள்.

மோரீன் துணியை இழுத்தார். ஜொசையா பெல், ஹான்னா பெல், குளத்தில் விழுந்த கிறிக், வில்லியம் கொப், எல்லோரும் தங்கத்தில். த்ரெட்கோல்டின் பெயர் இல்லை. கடைசிக்கு முந்தின வரியில் மாணிக்கம் நவரத்தினம். சனம் கைதட்டியது என் பெயருக்கில்லை, அதற்குத்தான்.

நவம் வந்திருந்தார். பின்னால், கதவடியில் நின்றார். பலகையை ஒரு தரம் முழுக்கப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

கூட்டம் தோட்டத்துக்குப் போனதும் பாரில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி ஊற்றினேன். அவருக்கு எத்தனை கரண்டி சீனி என்று தெரியவில்லை. பதினொரு வருடத்தில் ஒருநாளும் நான் அவருக்கு ஊற்றியதில்லை. இரண்டு போட்டேன். எங்கள் வீட்டுக் கோப்பையில், நான் குடிக்கிற கோப்பையில்தான் ஊற்றினேன். கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

"நவம் அண்ணை, தேத்தண்ணி குடியுங்கோ."

அவர் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, நல்ல பண்பான முகம்.

"இப்பதான் குடிச்சனான், குலேந்திரன்" என்றார்.

நான் பாரில் கிடந்த வெறும் கிளாஸ்களை எடுத்து அடுக்கினேன். தோட்டத்தில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், போனார். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. அதை நானே குடித்து முடித்தேன். பிறகு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, பியர் கேட்டு நின்றவர்களுக்கு ஊற்றப் போனேன்.